டாக்கா மைதானத்தில் சந்தித்த இரு நாடுகள்

விளையாட்டு என்பது ஓய்வு நேரத்து வேடிக்கை. வரலாற்றாசிரியனுக்கு அங்கே வேலையில்லை என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அரசரின் பெயர்களையும் போர்களின் திகதிகளையும் மாணவர் மனனஞ் செய்தாற் போதும் என்று கருதும் பாடநூல்கள் அவ்வெண்ணத்தை மேலும் வளர்க்கின்றன. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் மாலைப்பொழுதில் எந்த நிலத்தில் ஆடிற்று, அந்நிலம் யாருக்கு உரியதாயிருந்தது, ஆட வந்தோருள் யார் உள்ளே அழைக்கப்பட்டனர், யார் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்னும் வினாக்கள் சமுதாய வரலாற்றின் அடிப்படை வினாக்களே அல்லவா? இவ்வினாக்களை எழுப்பிக்கொண்டு உதைபந்தாட்டத்தின் வரலாற்றை நோக்குவோமாயின், தொலைவிலுள்ள ஒரு நாட்டின் கதை நமது வீட்டு முற்றத்துக் கதையைத் தெளிவாக்கக் காண்கிறோம்.

2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் திகதி வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்காவில் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதிப் போட்டி நடைபெற்றது. உதைபந்தாட்டத்தில் பின்தங்கிய ஆசிய நாடுகளுக்கென முதன்முறையாக ஏற்படுத்தப்பட்ட போட்டி அது. பதினாறு நாடுகள் பங்குபற்றின. அரையிறுதியில் நேபாளத்தைத் தண்ட உதைகளால் வென்ற இலங்கை ஒரு புறம். கிர்கிஸ்தானை 2-0 என வென்ற தஜிக்கிஸ்தான் மறுபுறம். முடிவில் தஜிக்கிஸ்தான் 4-0 என்ற கணக்கில் வென்று கிண்ணத்தைப் பெற்றது. மறுநாள் செய்தித்தாள்கள் விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் இச்செய்தியை வெளியிட்டு அமைந்தன. ஆனால் அன்று மைதானத்தில் எதிரெதிரே நின்றவை இரு குழுக்கள் மட்டுமல்ல. உள்நாட்டுப் போரால் சிதைந்து, அதனின்று மீண்டு ஒன்பதாண்டுகளே ஆன ஒரு நாடு ஒரு பக்கம் நின்றது. நான்காண்டு காலப் போர்நிறுத்தம் கண்முன்னே உடைந்துகொண்டிருக்க, மீண்டும் போருக்குள் வழுக்கிக்கொண்டிருந்த நாடு மறுபக்கம் நின்றது. இறுதிப் போட்டிக்கு நான்கு நாள்கள் முன்னர், ஏப்பிரல் 12ஆம் திகதி, திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்ததும், அதனைத் தொடர்ந்து தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதும் நாம் மறக்கக்கூடியவையல்ல.

முதலில் தஜிக்கிஸ்தானை நோக்குவோம்.

மத்திய ஆசியாவின் தென்கிழக்கு மூலையில், நிலத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலையாயமைந்த நாடு அது. மக்கள் பேசுவது பாரசீகத்தின் கிளைமொழி. ரஷ்யப் பேரரசின் படையினரும் அலுவலரும் ரயில்வேத் தொழிலாளரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்கானாப் பள்ளத்தாக்கு நகரங்களுக்குக் கொண்டுவந்த பந்து, புரட்சிக்குப் பின்னரே மலைநாட்டுக்குச் சென்றது. இன்றைய தலைநகர் துஷான்பே அக்காலத்தில் ஒரு சிற்றூர். திங்கட்கிழமைதோறும் அங்கே சந்தை கூடியதால் திங்கள் என்னும் பொருளுடைய அப்பெயரைப் பெற்றது. 1924இல் உஸ்பெக்கிஸ்தானுள் தன்னாட்சிக் குடியரசாகவும், 1929இல் தனிச் சோவியத் குடியரசாகவும் தஜிக்கிஸ்தான் அமைக்கப்பட்டது. அதே 1929இல் அந்நகருக்கு ரயில் பாதை வந்து சேர்ந்தது. நகரின் பெயரும் ஸ்டாலினாபாத் என மாற்றப்பட்டு, 1961 வரை அப்படியே நின்றது. எழுத்தறிவும் மருத்துவமும் மின்விளக்கும் விளையாட்டரங்கும் ஒரே தலைமுறையில் அம்மலைநாட்டை எட்டின.

சோவியத் நாட்டின் உதைபந்தாட்டக் கழகங்களின் பெயர்களே தனியானதொரு வரலாற்று ஏடு எனலாம். மன்னர் பெயரோ செல்வர் பெயரோ அவற்றிற் காணப்படுவதில்லை. தாஷ்கண்ட் நகரில் 1956இல் தோன்றிய கழகத்தின் பெயர் பக்தகோர். பருத்தி விளைவிப்போன் என்பது அதன் பொருள். துஷான்பேயின் முதன்மைக் கழகம் 1960களில் மின்சக்தித் தொழிலாளரைக் குறிக்கும் எனெர்கெத்திக் என்னும் பெயரால் வழங்கியது. அக்காலத்திலேதான், 1961இல், வக்ஷ் ஆற்றுக்குக் குறுக்கே நூரெக் அணையின் வேலை தொடங்கிற்று. 1980இல் முற்றுப்பெற்றபோது, முந்நூறு மீற்றர் உயரமுடைய அவ்வணை உலகின் மிக உயர்ந்த அணையாக விளங்கிற்று. பின்னர் அக்கழகம் நாட்டின் பெருமலைத்தொடரின் பெயரால் பாமிர் ஆயிற்று. 1989இல் பாமிர் சோவியத்தின் உச்சப் பிரிவில் இடம்பெற்று, சோவியத் நாடு குலைந்த 1991 வரை மூன்று பருவங்கள் மொஸ்கோ, கீவ் நகரங்களின் பெருங் கழகங்களோடு மோதியது. உச்சப் பிரிவை எட்டிய தஜிக் கழகம் அது ஒன்றே. ஸாம்பியா நாட்டு வீரர்களும் அதன் சட்டையை அணிந்து ஆடினர் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

எனினும் ஒளிப்படத்தின் ஒரு பாதியை மட்டும் காட்டுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. பருத்தி விளைவிப்போன் என்று கழகத்துக்குப் பெயர் சூட்டிய அதே ஆட்சி, பருத்தியொன்றையே விளைவிக்குமாறு அம்மக்களைப் பணித்தது. நீரில்லாச் சமவெளியை நீர்ப்பாசனத்தாற் பருத்தி நிலமாக்குவதற்கு ஆள் தேவைப்பட்டது. மலைக் கிராமங்களிலிருந்து குடும்பங் குடும்பமாக மக்கள் வக்ஷ் பள்ளத்தாக்குக்கு இறக்கப்பட்டனர். விரும்பிச் சென்றோர் சிலர், விருப்பமின்றி ஏற்றிச் செல்லப்பட்டோர் பலர். கார்ம் பகுதியிலிருந்து வந்தோர் ஒரு கூட்டுப்பண்ணையிலும், கூலாப் பகுதியிலிருந்து வந்தோர் அடுத்த கூட்டுப்பண்ணையிலுமாகக் குடியேறினர். நீருக்கும் நிலத்துக்கும் பதவிக்கும் இருசாராரும் போட்டியிட நேர்ந்தது. உழைப்போர் ஒரு வர்க்கமாகத் திரள்வதற்குப் பதிலாகப் பிறந்த ஊரின் பெயரால் பிரிந்து நின்றனர்.

1991 செப்டெம்பரில் நாடு விடுதலையை அறிவித்தது. 1992 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. அது கொடூரமாக எரிந்த இடம் எது தெரியுமா? அதே வக்ஷ் பள்ளத்தாக்குப் பருத்தி வயல்கள். அடுத்தடுத்த கூட்டுப்பண்ணைகளில் வாழ்ந்தோர் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தினர். பல்லாயிரவர் மாண்டனர், பல இலட்சம் பேர் வீடிழந்தனர், ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்கு ஓடியோரும் பலர். 1997 ஜூன் 27ஆம் திகதி மொஸ்கோவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. இவ்வாறான நாடுதான் 1992 ஜூனில், போரின் இரண்டாம் மாதத்தில், துஷான்பேயில் தன் முதலாவது சர்வதேசப் போட்டியை உஸ்பெக்கிஸ்தானோடு ஆடி 2-2 எனச் சமன் செய்தது. பாமிர் கழகத்தில் வளர்ந்த வீரர் பலர் பின்னர் பிழைப்புத் தேடி அயல்நாடுகளுக்குச் சென்றனர். ஆகவே, 2006இல் டாக்காவில் நான்கு கோல்களைப் போட்ட இளைஞர், பதுங்குகுழிக் காலத்துப் பிள்ளைகள்.

நிற்க. இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கைக்கும் பந்து படையினரோடும் அலுவலரோடுமே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் கொழும்பின் காலிமுகத்திடலில் ஆடியதைச் சுதேசிகள் ஓரத்தில் நின்று பார்த்தனர். மிஷன் பாடசாலைகள் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் ஆட்டம் வந்தது. 1939இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் தோன்றிற்று. 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் இலங்கை சேர்ந்தது. அதே ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகளுடன் இலங்கையும் பங்குபற்றிய நாற்கோணப் போட்டி கொழும்பிலே தொடங்கிற்று. புதிதாக விடுதலை பெற்ற நான்கு நாடுகள் பந்தின் வழியே ஒன்றையொன்று அறிந்துகொண்ட அக்காலம் நம்பிக்கையின் காலம்.

ஆயினும் துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் இடையே ஒரு வர்க்க வேலி எழுந்தது. யாழ்ப்பாணத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டம் 1904 முதல் நடைபெற்றுவருகின்றது. வடக்கின் பெரும்போர் என்று அதற்குப் பெயர். அதற்கு மட்டையும் காப்புறைகளும் சமன்செய்த ஆடுதளமும் வெள்ளை உடையும் வேண்டும். நாள் முழுதும் வேலையின்றி ஆட நேரமும் வேண்டும். உதைபந்தாட்டத்துக்கோ ஒரு பந்தும் வெறுந்தரையும் போதும். ஆகவே கடற்கரையோரத்து உழைப்பாளர் ஊர்களில் அது உயிர்மூச்சாயிற்று. குருநகரின் பாடுமீன், நாவாந்துறையின் சென். நீக்கிலஸ், இளவாலையின் யங் ஹென்றிசியன் ஆகிய கழகங்களின் பெயர்களை அறியாத உதைபந்தாட்ட ரசிகர் குடாநாட்டில் இரார். இரவெல்லாம் கடலில் வலை இழுத்தவன் மாலையில் மணற்றரையில் பந்தை உதைக்கிறான். பாடுமீன் என்னும் பெயர் ஒன்றே அந்த வாழ்வை உரைக்கவில்லையா? பருத்தி விளைவிப்போன் என்று தாஷ்கண்டில் அரசு சூட்டிய பெயரினும், தம் கடலினின்று மக்கள் தாமே எடுத்துச் சூடிய இப்பெயர் நமக்கு இனிக்கின்றது.

ஆனால் நம் ஊர்க் கழகங்களைப் பற்றியும் பாதி உண்மை பேசலாகாது. வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் ஒன்றாய்ப் பிறந்த நம் கிராமங்களில், ஊரின் எல்லையோடு சாதியின் எல்லையையும் அவை பல சுமந்தே வளர்ந்தன. ஒரே பந்தை உதைத்தோர், ஆட்டம் முடிந்தபின் ஒரே தேநீர்க்கடையில் ஒரே வகைக் கோப்பையில் தேநீர் அருந்த இயலாத காலம் ஒன்றிருந்தது. தேநீர்க்கடைகளையும் கோவில்களையும் எல்லார்க்கும் திறந்துவிடுமாறு கோரி, 1966 அக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தாக்கிய பின்னரும் அது கலையவில்லை. அது சென்ற காங்கேசன்துறை வீதி நமது மருதனார்மடச் சந்தியை ஊடறுத்துச் செல்லும் வீதிதான். இன்று அச்சந்தியில் தோட்டத்து மரக்கறிகளைக் கொண்டுவந்து விற்போரும் வாங்குவோரும் அந்த ஊர்வலத்தை நினைப்பதில்லை. ஆனால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஒரே குழுவாய் ஆடுவது இயல்பான காட்சியாகிவிட்டதெனின், அது தானாக வந்ததன்று. அவ்வீதியில் நடந்தோர் பெற்றுத் தந்தது.

குடியேற்றத் திட்டங்களிலும் இரு நாடுகளின் ஒற்றுமை நம்மைத் திடுக்கிட வைக்கின்றது. வக்ஷ் பள்ளத்தாக்கில் அரசு குடியேற்றியோர் 1992இல் ஒருவரையொருவர் கொன்றனர் என்று கண்டோம். நம் நாட்டில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உணவு விளைவிக்கும் திட்டமென்றே பேசப்பட்டது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956இல், இனக்கலவரத்தின் முதற் பெருங் கொலைகள் அந்தக் கல்லோயாவிலேதான் நிகழ்ந்தன. நீர்ப்பாசனம் நல்லது, நிலமற்றோருக்கு நிலமும் நல்லது. ஆயினும் மக்களை மக்களாக எண்ணாது, எண்ணிக்கையாக எண்ணி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தும் அரசு, அவர் எந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தாலும், பகையையே பயிரிடுகின்றது. இதனை முதலாளித்துவ நாட்டின் குற்றமென்று மட்டும் கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

1995ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்பிரல் தொடக்கத்திலும் தெற்காசியக் கிண்ணப் போட்டி கொழும்பில் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என வென்றது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. அதே ஏப்பிரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தாக்கப்பட்டன. போர் மீண்டும் மூண்டது. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலை விட்டுச் செம்மணி வழியே நடந்தனர். நாட்டுக்குக் கிண்ணம் கிடைத்த ஆண்டே நமக்கு ஊர் இல்லாமற் போன ஆண்டு. 2006இலும் கதை திரும்பிற்று. டாக்காவில் இறுதிப் போட்டி ஏப்பிரலில் முடிந்தது. ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. குடாநாடு மீண்டும் தீவாயிற்று. வீதி மூடப்பட்ட ஊரின் இளைஞன் எவ்வளவு நன்றாக ஆடினும், தலைநகரின் தெரிவுக் களத்தை எவ்வாறு சென்றடைவான்? நாட்டின் குழு என்று சொல்லப்படுவது, நாட்டின் வீதிகள் திறந்திருந்தால் மட்டுமே நாட்டின் குழுவாக அமையும்.

யாழ்ப்பாணத்து முற்றவெளியின் அருகே துரையப்பா விளையாட்டரங்கு உள்ளது. 1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட யாழ் மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது அது. போரால் அழிந்து கிடந்த அவ்வரங்கை 1999இல் திருத்தியபோது, மண்ணுக்கடியிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பின்னர் இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு, 2016 ஜூன் 18ஆம் திகதி அது மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே பிள்ளைகள் ஓடுகின்றனர், ஓடட்டும். ஆனால் அவர் ஓடும் தரை எதனை மூடியிருந்தது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் கடமை ஆசிரியருக்கு உண்டு. எலும்புகளின் பெயர்களைக் கேளாது புல்லை மட்டும் வளர்க்கும் சமாதானம் நெடுநாள் நில்லாது.

டாக்காவில் சந்தித்த இரு நாடுகளும் பின்னர் சென்ற வழிகள் வேறு. 2024 ஜனவரியில் கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் முதன்முறையாகப் பங்குபற்றிய தஜிக்கிஸ்தான், லெபனானையும் ஐக்கிய அரபு இராச்சியத்தையும் வென்று காலிறுதி வரை சென்றது. அங்கே ஜோர்தானிடம் 1-0 எனத் தோற்றது. அதன் அயல்நாடாகிய உஸ்பெக்கிஸ்தான் 2026 உலகக் கிண்ணத்துக்கு 2025இல் தகுதிபெற்றது. மத்திய ஆசிய நாடொன்று அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை. இலங்கையோ, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு உண்டென்னும் காரணத்தால் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை உலகச் சம்மேளனத்தினால் தடைசெய்யப்பட்டு, ஒரு சர்வதேசப் போட்டியும் ஆட இயலாது நின்றது.

பணமே காரணம் என்பர் சிலர். தஜிக்கிஸ்தான் நம்மினும் வறிய நாடு. அதன் ஆண்மக்கள் ரஷ்யாவின் கட்டட வேலைத்தலங்களில் உழைத்து அனுப்பும் பணத்திலேயே அங்கே பல குடும்பங்கள் வாழ்கின்றன. நம்மவர் வளைகுடா நாடுகளிலிருந்து அனுப்புவதைப் போன்றதே இது. போர் முடிந்தபின் அங்கே இளையோர் குழுக்களும் அரங்குகளும் ஒழுங்காக வளர்க்கப்பட்டன என்பது மெய். ஆனால் அவ்வெற்றியைக் கண்டு மயங்கிவிடவும் கூடாது. 2012இல் அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானவர் குடியரசுத் தலைவரின் மகன். ஒரு குடும்பத்தின் கையில் ஆட்சியும் பந்தும் சேர்ந்திருப்பதை மக்களின் வெற்றி என்று சொல்ல நம் நா எழவில்லை. கோல்களின் எண்ணிக்கை ஒரு நாட்டின் விடுதலையை அளக்கும் கோலன்று. வென்ற நாட்டிலும் தோற்ற நாட்டிலும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: மைதானம் யாருடையது?

இவ்வினாவுக்கு நம் அண்மையிலேயே ஒரு நம்பிக்கை தரும் விடை உள்ளது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி, பாவலர் துரையப்பாபிள்ளையால் 1910இல் நிறுவப்பட்டது. உதைபந்தாட்டத்தில் நெடுநாட் புகழுடையது. 1990இல் போர் அதனைத் தன் நிலத்தினின்று பெயர்த்தது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வயலும் வீடும் பாடசாலையும் மைதானமும் முட்கம்பிக்குள் சென்றன. போர் முடிந்த பின்னரும் அந்நிலங்கள் துண்டுதுண்டாகவே விடப்பட்டன. இத்தகைய இடப்பெயர்வைக் கண்ட கல்லூரியின் மாணவியரே, அண்மைக் காலத்தில் அகில இலங்கைப் பாடசாலைப் பெண்கள் உதைபந்தாட்டத்தில் முதலிடம் பெற்றுத் திரும்பினர். தோட்டக்காரரினதும் கூலியாளரினதும் பிள்ளைகள் காற்சட்டை அணிந்து நாடறிய ஆடினர்.

இதன் பொருளை உணர ஒரு நூற்றாண்டைப் பின்னோக்க வேண்டும். மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியது 1913இல். பெண் பாடசாலைக்குச் செல்லலாமா என்பதே அன்று விவாதம். ஆனால் அதே இராமநாதன், பெண்களுக்கும் எளியோருக்கும் வாக்குரிமை அளித்தலை எதிர்த்தார். அவரது எதிர்ப்பையும் மீறி 1931இல் அவ்வுரிமை வந்தது. பெண் படிக்கலாம், ஆனால் வாக்களிக்கலாகாது என்றது ஒரு தலைமுறை. பெண் வாக்களிக்கலாம், ஆனால் மைதானத்தில் இறங்கலாகாது என்றது அடுத்த தலைமுறை. ஒவ்வொரு வேலியும் அதற்குரிய காலம் வந்தபோது தானே விழவில்லை. யாரோ ஒருத்தி தள்ளினாள், யாரோ ஓர் ஆசிரியர் துணைநின்றார்.

ஆயினும் இன்றும் நம் பாடசாலைகளிற் பெண்பிள்ளை பதினாறு வயதை எட்டியதும், பரீட்சையைக் காட்டியும் ஊர்ப் பேச்சைக் காட்டியும் அவளை வீட்டுக்கு அழைத்துச் செல்வோர் உளர். மாலை நான்கு மணிக்குப் பாடசாலை மைதானம் வெறுமையாகக் கிடக்கத் தனியார் கல்வி நிலையத்தின் ஓலைக்கொட்டில் நிரம்பி வழிவதை நாள்தோறும் காண்கிறோம். ஊரின் பொதுவெளி மதிலுக்குள் மறைந்து காணியாக விற்கப்படுவதையும் காண்கிறோம். முட்கம்பி பறித்த மைதானத்துக்காக அழுத நாம், மௌனமாய்ப் பறிபோகும் மைதானத்துக்காக ஏன் வாய் திறப்பதில்லை?

மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் நாம் கூற விழைவது இதுவே. உங்கள் ஊரின் விளையாட்டுக் கழகம் எந்த ஆண்டில் தோன்றிற்று, அதற்கு நிலம் கொடுத்தவர் யார், அதில் யார் சேர்க்கப்படவில்லை, இடம்பெயர்ந்த ஆண்டுகளில் அதன் கிண்ணங்களும் ஏடுகளும் எங்கே போயின என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். முதியோர் மறைகின்றனர், அவர் நினைவோடு நம் மக்கள் வரலாறும் மறைகின்றது. எழுதிய வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, மைதானம் எல்லாச் சாதியார்க்கும், பெண்ணுக்கும் ஆணுக்கும், தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். வக்ஷ் பள்ளத்தாக்கின் உழவனும் குருநகரின் மீனவனும் தம் பிள்ளைகளுக்கு வேண்டியது ஒன்றே: அச்சமின்றி ஓடுவதற்கு ஒரு துண்டு நிலம். அந்த நிலத்தைக் காப்பது விளையாட்டு வேலையன்று, அரசியல் வேலையே.